கந்தகம் இல்லை

செவ்வாய் நாள் 212, 10:20

செவ்வாய்க் கோள், பாலை நிலையம். வேதியியல் குறிப்பு. எழுதுபவர் அங்கயற்கண்ணி என்கிற கயல்.

நான்காம் துளையிலிருந்து வந்த களிமண் பாறையைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, காய்ச்சியதில் அடியில் பழுப்பாக ஒரு பிசின் மிஞ்சியது. கடுகளவு. சூடாக்கினால் கருகுகிறது. எனவே கரிமச் சேர்மம். கரியைத் தவிர அதில் வேறு என்ன தனிமங்கள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

பெரிய பகுப்பாய்வுக் கருவி புழுதிப் புயலில் கெட்டதிலிருந்து பழைய முறைதான். சின்னக் கண்ணாடிக் குழாயில் ஒரு துண்டு சோடியம், அதன்மேல் பிசின். குழாய் சிவக்கும்வரை காய்ச்சி, சூட்டோடு தண்ணீரில் போட்டால் படாரென்று உடையும். சோடியம் அந்தச் சேர்மத்தைப் பிய்த்து, உள்ளே இருக்கும் நைட்ரஜன், கந்தகம், குளோரின் எல்லாவற்றையும் தண்ணீரில் கரையும் உப்புகளாக ஆக்கிவிடும். வடிகட்டிய சாற்றில் ஒவ்வொன்றாகத் தேடலாம். கல்லூரி முதலாண்டில் எல்லோரும் செய்ததுதான்.

நைட்ரஜன்: இரும்பு உப்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் அமிலம் சில சொட்டு. அடர்நீலம். இருக்கிறது.
கந்தகம்: நைட்ரோபுருசைடு ஒரு சொட்டு. ஊதா வந்து, மங்கி மறைந்தது. கொஞ்சம் இருக்கிறது.
குளோரின்: வெள்ளி நைட்ரேட். தயிர்போல் வெள்ளை வீழ்படிவு. ஆனால் இந்த மண்ணெல்லாம் குளோரின் உப்புதான். இந்த முடிவை நம்பமாட்டேன்.

நான் எரிபொருள் ஆலையிலேயே தங்குகிறேன். மற்ற இருவரும் குன்றுக்கு அந்தப்பக்கம் குடியிருப்பில். ரேடியோவில் முடிவைச் சொன்னேன். துளைப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இருதயராஜுக்கு ஒரே குதூகலம். தூத்துக்குடிக்காரன்.

"எக்கா, நீலம் வந்துட்டா? அப்போ இங்க ஏதோ உசுரு இருந்திருக்கு, பாத்துக்க."

"நைட்ரஜன் இருந்தா உசுரு இருந்துச்சுன்னு அர்த்தமில்ல இருதயம்."

"சும்மா இரிங்கக்கா. நான் வீட்டுக்கு அப்படித்தான் சொல்லப்போறேன்."

இருமிக்கொண்டே சிரித்தான். சளி பிடித்திருக்கிறதாம்.

செவ்வாய் நாள் 217, 09:05

ஆலை ஒழுங்காக ஓடுகிறது. மீத்தேன் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. திரும்பும் பயணத்துக்கு எங்கள் கப்பல் நாரைக்கு வேண்டிய எரிபொருள் முழுவதும் இங்கிருந்துதான் போகவேண்டும்.

இருதயராஜுக்குக் கடும் காய்ச்சல். மைமூனுக்கும் தொடங்கிவிட்டது. மைமூன் எங்கள் பாறையியலாளர். காயல்பட்டினம். ஐந்து வருடப் பயிற்சியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். மேலே சுற்றும் நாரைக் கப்பலில் தனியாக இருக்கும் டாக்டர் தில்லைநாயகம் இருவருடைய மூச்சொலியையும் கேட்டுவிட்டு நுரையீரல் தொற்று என்றார். குடியிருப்பின் வெந்நீர்க் குழாயில் வளர்ந்த கிருமியாக இருக்கலாம். என் தண்ணீர் ஆலையில் தனியாக வருவதால் நான் தப்பினேன்.

நாரை: "கயல், நீ அங்க போகவே கூடாது. மருந்து நான் கீழ இறக்குறேன். சல்ஃபா. இந்தக் கிருமிக்கு நல்லாக் கேக்கும்."

இருதயராஜ்: "டாக்டர், நாங்க ரெண்டு பேரும் மேல வந்துடட்டுமா? அங்க நீங்க பக்கத்துல இருப்பீங்கல்லா."

நாரை: "வேண்டாம்ப்பா. கப்பல் காத்து ஒண்ணுதான். எனக்கும் வந்துட்டா எல்லாரையும் யாரு வீட்டுக்குக் கொண்டுபோறது? மருந்து சாப்பிடுங்க. ஒரு வாரத்துல எந்திரிச்சு நடப்பீங்க."

மதியம் மருந்துப் பேழை இறங்கியது. குடியிருப்பு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். சன்னல் வழியாக மைமூன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

செவ்வாய் நாள் 223, 11:30

இருதயராஜ் இறந்துவிட்டான்.

ஒரு வேளைகூட மருந்தைத் தவறவிடவில்லை. மைமூன்தான் தண்ணீர் கொடுத்து விழுங்கவைத்திருக்கிறாள்.

பூமிக்குச் செய்தி நாரை வழியாகத்தான் போகவேண்டும். பூமியோடு நேரே பேசும் எங்கள் பெரிய ஆன்டெனா வட்டில் அந்தப் புழுதிப் புயலில் சாய்ந்து கிடக்கிறது. டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "நல்ல பையன். என்ன செய்ய, சிலருக்கு மருந்து கேக்கறதில்ல" என்றார்.

செவ்வாய் நாள் 226, 08:50

மைமூன் கூப்பிட்டாள். ரேடியோவை மூடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். பதிவிலிருந்து எழுதுகிறேன்.

"கயலு, மாத்திரை இன்னும் ஆறு இருக்கு. அதையும் முடிச்சிட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. நேத்து ராத்திரி அவரோடதான் பேசிட்டிருந்தேன். பொறுமையா எல்லாம் கேட்டாரு. நல்ல மனுசன்."

"நான் வரவா?"

"வராதடி. நீ வந்து என்ன பண்ணப்போறே? ஏதாவது பேசு. உங்க ஊர்க் கதை எதுனாச்சும் சொல்லு."

மீனாட்சி கோயில் தெப்பக்குளத்தில் நான் விழுந்த கதையைச் சொன்னேன். ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டது. சிரிக்க முயன்றாள். மூச்சு வரவில்லை. கதையை முடித்தேன். பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய் நாள் 228, 14:10

இருவரையும் குன்றடியில் புதைத்தேன். வெந்நீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வழவழவென்று பாசிபோல் இருந்தது. குழாய்கள் எல்லாவற்றையும் காய்ச்சிச் சுத்தம் செய்தேன்.

மைமூனின் படுக்கையருகே மருந்துக் குப்பியில் ஆறு மாத்திரை உறைகள். பச்சையும் வெள்ளையும். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேருக்கும் ஏன் கொஞ்சம்கூடக் கேட்கவில்லை? பேழை இறங்கும்போது ஏற்பட்ட சூட்டில் மருந்து கெட்டிருக்குமோ?

கெட்டிருந்தாலும் ஒன்று உண்டு. சல்ஃபா மருந்தில் கந்தகமும் நைட்ரஜனும் இருந்தாகவேண்டும். சூட்டில் மூலக்கூறு உடையலாம், உருமாறலாம். உறைக்குள் அடைத்த கந்தகம் எங்கே போகும்?

குடுவைகளைக் கழுவி வைத்திருக்கிறேன்.

செவ்வாய் நாள் 228, 16:45

ஓர் உறையைப் பிரித்து வெள்ளைத்தூளைச் சோடியத்தோடு காய்ச்சினேன். சாறு வடித்தேன்.

நைட்ரோபுருசைடு சொட்டு. நிறம் இல்லை.
கந்தகத்துக்கே இன்னொரு சோதனை, ஈய அசிடேட்டு. கறுக்கவில்லை.
நைட்ரஜன். நீலம் இல்லை. அமிலம் விட்டதும் தெளிந்த தண்ணீர்.

என் கை சரியாக இல்லை. மறுபடி செய்யவேண்டும்.

செவ்வாய் நாள் 229, 09:30

மறுபடி செய்தேன். இரண்டாவது உறை, மூன்றாவது உறை. ஒன்றுமில்லை.

வினைபொருள்கள் பழசாகிச் செத்துப்போயிருக்கலாம். அதைச் சோதிக்க, கந்தகம் நிச்சயமாக உள்ள ஒரு பொருள் வேண்டும். மனித முடியில் கந்தகம் உண்டு. எனக்குத் தலையில் முடி இல்லை, பயிற்சிக் காலத்திலிருந்தே மழித்துக்கொள்கிறேன். குடியிருப்புக்குப் போய் மைமூனின் சீப்பை எடுத்து வந்தேன். அதில் சுருண்டிருந்த முடியை உருவிக் குழாயில் போட்டேன்.

ஊதா. பளிச்சென்ற ஊதா. ஈய அசிடேட்டில் கன்னங்கறுப்பு. நைட்ரஜனுக்கு நீலம்.

வினைபொருள்களில் குறையில்லை. என் கையிலும் குறையில்லை.

இறந்துபோனவளின் முடியில் கந்தகம் இருக்கிறது. அவளுக்குக் கொடுத்த மருந்தில் இல்லை.

செவ்வாய் நாள் 229, 10:15

நான்காவது உறையின் தூளில் முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினை ஒரு சொட்டு விட்டேன். கருநீலம். ஸ்டார்ச்.

கஞ்சிக்குப் போடும் மாவு. யாரோ உட்கார்ந்து, உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, மாவை அடைத்து, மூடியிருக்கிறார்கள். யாரோ என்று ஏன் எழுதுகிறேன்? மேலே ஒரே ஓர் ஆள்தான்.

செவ்வாய் நாள் 229, 15:00

நாரை தலைக்கு மேல் வந்தபோது பேசினேன். குரலை நிதானமாக வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது.

"டாக்டர், சல்ஃபா இன்னும் மேல இருக்கா? எனக்கு வந்தா என்ன பண்றது?"

"இருந்த எல்லாத்தையும் அனுப்பிட்டேனேம்மா. என்கிட்ட ஒரு மாத்திரைகூடக் கிடையாது. உனக்கு வராது, கவலைப்படாதே."

"பாட்டில்ல இருந்தது அப்படியேதானா? சூட்டுல கெட்டிருக்குமோன்னு கேக்கறேன்."

"சீல் உடைக்காம அனுப்பினது. நீ ரொம்ப யோசிக்கிறே கயல். தூங்கு. எரிபொருள் எப்ப வருது? பயண நாள் நெருங்குது."

"படகோட முதல் நடையில எரிபொருள். அடுத்த நடையில நானா?"

"கண்டிப்பா. அடுத்த நடையில நீதான்."

அந்த "கண்டிப்பா" கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. நான் கேட்கும் முன்பே வாயில் தயாராக இருந்ததுபோல. நான் தொற்றோடு வரக்கூடும் என்றுதானே அவர் நினைப்பார்? கதவைத் திறக்கமாட்டார். எரிபொருள் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுவார். பூமிக்குப் போய் மூன்று பேரும் காய்ச்சலில் போய்விட்டார்கள் என்பார். அழக்கூடச் செய்வார்.

செவ்வாய் நாள் 233, 13:20

நான்கு நாளாக எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை. கோபம் என்றால் உடம்பு சுடும் என்று நினைத்திருந்தேன். சுடவில்லை. ஆலையின் குளிர்பெட்டிபோல் இருக்கிறது. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

எரிபொருள் ஏற்றிப்போகும் படகு தானாகவே பறந்து நாரையோடு இணையும். படகு பறப்பதற்கான எரிபொருள் ஒரு தொட்டியில். நாரைக்கான சரக்கு இன்னொரு தொட்டியில். சரக்குத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? எடை தெரியும். அழுத்தம் தெரியும். குளிர்மானி காட்டும் எண் தெரியும். அந்தக் குளிர்மானியைச் சரிசெய்து பொருத்தியவள் நான்.

உள்ளே இருப்பதைக் காய்ச்சி, கரைத்து, நிறம் பார்த்துச் சொல்ல மேலே யாரும் இல்லை.

இங்கத்திய காற்றிலிருந்து ஆலை பிரித்தெடுக்கும் கழிவில் நைட்ரஜன் உண்டு. இதுவரை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது திரவமாக்கிச் சேர்க்கிறேன்.

செவ்வாய் நாள் 241, 11:10

இன்று வேலையின் நடுவில் மைமூன் நினைவு வந்தது. அவள் இதற்குச் சம்மதிப்பாளா? மாட்டாள். "விட்டுடுடி, அல்லா பாத்துப்பான்" என்பாள். இருதயராஜ்? அவன் முதலில் ஒரு நல்ல வசவு வைத்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்து, "எக்கா, இதுல நீயும் இங்கயே மாட்டிக்கிடுவியே" என்பான்.

ஆமாம், மாட்டிக்கொள்வேன். மூன்று பேருக்கான உணவு ஒருத்திக்கு இருக்கிறது. இடம் பழகிவிட்டது.

சரக்குத் தொட்டியில் நைட்ரஜன் ஏற்றினேன். எடையை அவர் எதிர்பார்க்கும் எண்ணுக்கு நிறுத்தினேன்.

செவ்வாய் நாள் 244, 10:00

படகு போய்விட்டது. புழுதி அடங்க நேரமாயிற்று.

நாரை: "இணைஞ்சாச்சு கயல். எடை சரியா இருக்கு. அழுத்தம் சரி. பிரமாதம்மா. நீ மட்டும் இல்லைன்னா..."

"படகை எப்ப திருப்பி அனுப்புறீங்க டாக்டர்?"

"கொஞ்சம் பொறு. ஒரு சின்னச் சோதனை முடிச்சிட்டு அனுப்புறேன்."

"சரி டாக்டர்."

பொய் சொல்கிறார் என்று தெரிந்தே "சரி" சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

செவ்வாய் நாள் 247, 12:35

படகு திரும்பவில்லை. அறிவிப்பு எதுவும் இல்லாமல் நாரை இயந்திரத்தைப் பற்றவைத்தது. வெளியே நின்று பார்த்தேன். பகல் வானத்திலும் புள்ளியாகத் தெரிந்தது.

நாரையின் சொந்தத் தொட்டியில் அடியில் பழைய மீத்தேன் கொஞ்சம் இருந்திருக்கும். அதில்தான் பற்றியது. புள்ளி நகர்ந்து, பெரிதாகி, பிறகு விட்டுவிட்டு மினுக்கியது. அணைந்தது.

ரேடியோவில் முதலில் எச்சரிக்கை மணிகளின் சத்தம். பிறகு அவர் குரல்.

"கயல்! கயல், கேக்குதா? எரிபொருள் வரல. இயந்திரம் திக்கி நின்னுடுச்சு. கப்பல் ஆடின ஆட்டத்துல பெரிய வட்டில் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பூமிக்கு எதுவும் அனுப்ப முடியல. நான் எந்தப் பாதையில இருக்கேன்னே தெரியல. கயல்!"

முதன்முறையாக உண்மை பேசினார்.

"நான் அனுப்பினதுல கரி இல்ல டாக்டர். ஹைட்ரஜனும் இல்ல. வெறும் நைட்ரஜன். நீங்க அனுப்பின மாத்திரையில அது இல்லாம இருந்துச்சு. அதான் சேத்து அனுப்பினேன்."

அதற்குப் பிறகு இரைச்சல்தான் கேட்டது. கப்பல் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது.

செவ்வாய் நாள் 249, 16:00

அவருடைய பாதை நீண்டு போய்விட்டது. முன்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தவர், இப்போது வெகுதூரம் போய்த் திரும்புகிறார். நாளுக்கு ஒருமுறை என் தலைக்கு மேல் கொஞ்ச நேரம். பூமிக்கும் போகமுடியாது, கீழேயும் வரமுடியாது. உணவு, காற்று, வெளிச்சம் எல்லாம் அவரிடம் ஏராளம். நால்வருக்கான சாமான்.

இன்று பேசினார்.

"ஒரே ஒரு பாட்டில்தான் இருந்துச்சு கயல். பாதிப் பாதி கொடுத்தா ரெண்டு பேரும் பொழைப்பாங்கன்னு என்ன நிச்சயம்? ஏழு மாசப் பயணம். வழியில எனக்கு வந்தா யாரு பாப்பா? வெறுங்கையா விட மனசு வரல. அதான்... அவங்களுக்கு ஒரு நம்பிக்கையா இருக்கட்டும்னு."

மனசு வரவில்லையாம்.

"மாவை நீங்களே அடைச்சீங்களா?"

"ஆமா."

"ஒவ்வொண்ணாவா?"

"ஆமா."

"சாகறதுக்கு முந்தின ராத்திரி மைமூன் உங்ககிட்ட என்ன பேசினா?"

அவர் சொல்லவில்லை. அணைத்துவிட்டேன்.

செவ்வாய் நாள் 263, 15:10

இப்போது தினமும் இதுதான். மேலே வருவார். நான் அதே கேள்வியைக் கேட்பேன். பதில் சொல்லாவிட்டால் ரேடியோவை அணைப்பேன். முதலில் கத்தினார். பிறகு என் சம்பளத்தை, என் குடும்பத்தை, என் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். பிறகு அழுதார். தனக்கென்று வைத்துக்கொண்ட மருந்தை எனக்குக் கீழே இறக்கிவிடுவதாகச் சொன்னார். எனக்கு எதற்கு?

இன்று பதில் சொன்னார். தயங்கித் தயங்கி, ஒன்று விடாமல் சொன்னார். மைமூன் தன் தம்பி மகளுக்கு இந்த மண்ணிலிருந்து ஒரு கல் எடுத்து வைத்திருந்தாளாம். அது எப்படி இருக்கும், என்ன நிறம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவர் "அழகா இருக்கும்மா, நீயே கொண்டுபோய்க் குடு" என்றாராம்.

அணைத்துவிட்டேன். இதற்கப்புறம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் கேட்டிருக்கவே கூடாது.

செவ்வாய் நாள் 290, 11:45

சாய்ந்த வட்டிலை நிமிர்த்திவிட்டேன். இருதயராஜின் கருவிகள் இருந்தன. வாரக்கணக்கில் ஆயிற்று. இன்று பூமியின் குரல் வந்தது. பேசிய பெண்ணின் குரலில் திருநெல்வேலி வாசனை.

"பாலை, தரைக்கட்டுப்பாட்டுல இருந்து பேசறோம். உங்க சமிக்ஞை கிடைச்சது. ரொம்பச் சந்தோசம். நாரையோட தொடர்பு அறுந்து ரொம்ப நாளாச்சு. யாரெல்லாம் இருக்கீங்க, சொல்லுங்க."

சொன்னேன். இருதயராஜ் இல்லை. மைமூன் இல்லை. நான் இருக்கிறேன். நாரை இயந்திரக் கோளாறில் பாதை விலகிவிட்டது.

பதில் வர நேரமாகும். அதற்குள் ஆலைக்குப் போனேன். உண்மையான மீத்தேன் தொட்டியில் அப்படியே இருந்தது. இதைக் கொண்டு யாராவது அவரை எட்டிப் பிடிக்கலாம். வால்வைத் திறந்துவிட்டேன். வெண்புகைபோல் போயிற்று.

ஆலையின் குளிர்விப்பானைக் கழற்றி உடைத்தேன். இனி இங்கே எரிபொருள் செய்ய முடியாது.

செவ்வாய் நாள் 290, 14:20

"பாலை, மீட்புக் கப்பல் தயாராகுது. உங்களைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வந்துடுவோம். ஒரே ஒரு விவரம் வேணும். நாரை இருக்கிற பாதைக்குப் போகணும்னா எரிபொருள் கூடுதலா ஏத்தணும், அதுக்காக மத்ததையெல்லாம் குறைக்கணும். கப்பலை மூடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும், அப்புறம் மாத்த முடியாது. டாக்டர் தில்லைநாயகம் உயிரோட இருக்காரா? உங்களுக்கு அவர்கிட்டேருந்து ஏதாவது குரல் வருதா?"

பதிவை மூன்று முறை ஓட்டிக் கேட்டேன். அந்தப் பெண் "மேடம்" என்று சொல்லவில்லை. கடைசியில் "அக்கா, தைரியமா இருங்க" என்றாள். இருதயராஜுக்குப் பிறகு யாரும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

இந்தக் குறிப்பை அழிக்கப்போவதில்லை. படிப்பவர் யாராக இருந்தாலும், எனக்கு யோசிக்க நேரம் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். கோபத்தில் செய்ததல்ல. விசையை அழுத்தினேன்.

"இல்ல. குரல் எதுவும் வரல. அவர் உயிரோட இல்ல."

செவ்வாய் நாள் 290, 15:30

மேலே வந்துவிட்டார். வழக்கம்போல் முதலில் இரைச்சல், பிறகு குரல். இப்போதெல்லாம் மெதுவாகத்தான் பேசுகிறார்.

"கயல்... நீ வட்டில் சரிபண்ணிட்டிருக்கேன்னு சொன்னியே. முடிஞ்சுதா? பூமியில இருந்து ஏதாவது..."

"முடிஞ்சுது டாக்டர். பேசிட்டாங்க."

"என்ன சொன்னாங்க? சொல்லும்மா. என்ன சொன்னாங்க?"

"வர்றாங்க."

அவர் அழ ஆரம்பித்தார். சந்தோஷத்தில் ஒரு மனிதர் அழுவதை நான் கேட்டு எத்தனை காலமாயிற்று. நன்றி நன்றி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் தேய்ந்து, அடிவானத்துக்குக் கீழே போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

யாருக்காக வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.